தாஸண்ணன் வீட்டுக் கணப்பு

டெக்சாஸின் பேர்லேண்டிலிருந்து அழைப்பு வந்தபோது என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அவருடைய செல்பேசியில் ஜூட்டின் பெயரைப் பார்த்துவிட்டு நான்தான் எடுத்தேன். ஜூட், தாஸண்ணனின் ஒரே மகன். அங்கே மருத்துவராக இருக்கிறார். அங்கிள் இருக்கிறாரா என்று கேட்டார். குளிக்கிறார், என்ன விஷயம் சொல்லுப்பா என்றேன்.

"பரவாயில்ல ஆன்ட்டி. நான் வெயிட் பண்றன். அங்கிளிட்டத்தான் முதல்ல சொல்லணும்."

அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தாஸண்ணனின் மரணச் செய்திகூட என்னைத் தாண்டி என் கணவருக்குப் போவதற்காகக் காத்திருந்தது. குளியலறைக் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்து வாங்கிக் கேட்டவர், "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

தாஸண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் கேட்டதும் என் கணவரைத்தான். ஒரு மாலை முழுவதும் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளி, "நீயே எழுதிடு. அவரைப் பத்தி உனக்குத்தான் நிறையத் தெரியும்" என்றார். அது உண்மை. பொறாமைப்படுகிறவர்கள் கவனிப்பதுபோல் நண்பர்கள்கூட ஒருவரைக் கவனிப்பதில்லை.

நாங்கள் தாஸண்ணன் என்று கூப்பிட்ட அருளப்பு மரியதாஸ் அவர்கள் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். கட்டடப் பொறியாளர். நியூஜெர்சிக்கு வந்து, குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே, அவரும் அவருடைய மனைவி பிலோமினா அம்மையாரும் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்று கூடத்தில் கிடந்தது. முதல் குளிர்காலத்தில் வீட்டின் ஹீட்டர் பழுதாகி, சரிசெய்ய ஆள் வராமல் போகவே, வேறு வழியின்றி அந்த அடுப்பை மூட்டினார்கள். எப்போதும் விரல் விறைக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே கையுறை போட்டிருந்த பிலோமினா அம்மையார் அன்று கையுறையைக் கழற்றி வைத்தாராம். அதன் பிறகு தாஸண்ணன் ஹீட்டரை நம்பவில்லை. குழாய்கள் உறையாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் அதை வைத்துவிட்டு, வீடு முழுவதையும் விறகாலேயே சூடாக்கினார். பிலோமினா அம்மையார் புற்றுநோயில் போன பிறகும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் அவரை அறிந்தது அதற்குப் பிறகு.

எங்கள் கொல்லையில் ஓர் ஆஷ் மரம் வண்டு அரித்துப் பட்டுப்போயிற்று. வெட்ட வந்தவர்கள் துண்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. மெலிந்த, உயரமான மனிதர் ஒருவர் இறங்கி வந்து, "உந்த மரத்தை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். தமிழில் கேட்டதும் என் கணவர் அசந்துபோனார். மரத்தை அவர் வண்டிக்கு மாற்றி, இறக்கி வைக்கவும் கூடவே போனார். இருட்டுவதற்குச் சற்று முன்புதான் திரும்பினார். சட்டையெல்லாம் மரத்தூள். ஓக் மரம் காய இரண்டு வருடமாகும், ஆஷ் சீக்கிரம் காய்ந்துவிடும், பிளந்து அடுக்கி மேலே மட்டும் மூடி பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அந்த மாதம் முழுவதும் அவர் வீட்டில் பேசியதைவிட அது அதிகம்.

என் கணவர் ரகுநாதன் அதிகம் பேசாதவர். மருந்து நிறுவனத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவர். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அது அவருடைய சுபாவம் என்று பழகிக்கொண்டேன். அப்படிப்பட்டவர் சனிக்கிழமைதோறும் கோடரியைத் தூக்கிக்கொண்டு தாஸண்ணன் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். வரும்போது மேலெல்லாம் புகைவாசம், முகத்தில் ஒரு தெளிவு. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மா, விறகு பத்தி" என்பார்.

அந்த வீட்டின் சூட்டின்மீதும் எனக்குப் பொறாமை. எங்கள் வீட்டில் தரைத் துவாரங்கள் வழியே வறண்ட காற்று உஸ்ஸென்று வரும், நிற்கும், மறுபடி வரும். ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. தாஸண்ணன் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் முதலில் கோட்டைக் கழற்றுவார்கள், பிறகு காலுறையை. அப்புறம் கிளம்ப மனம் வராது. நான் இரண்டு நாள் சமைத்து முப்பது பேருக்குப் பொங்கல் விருந்து வைத்தேன். மறுவாரம் எல்லோரும் பேசியது, தாஸண்ணன் அலுமினியத் தாள் சுற்றித் தணலில் போட்டுச் சுட்டுக் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி. என் மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அந்தக் கிழங்கை மட்டும் "இன்னும் ஒண்ணு தாங்க அங்கிள்" என்று கேட்டு வாங்கினாள்.

ஒரு குளிர்காலத்தில் பனிமழை பெய்து, மரக்கிளைகள் கண்ணாடிபோல் உறைந்து முறிந்து, ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று. எங்கள் ஹீட்டர் எரிவாயுவில் ஓடுவதுதான் என்றாலும், காற்றைத் தள்ள மின்சாரம் வேண்டும். வீடு குளிர்ந்துகொண்டே போனது. தாஸண்ணன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். மறுக்க முடியாமல் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் மதியம் அடுப்பின் எதிரில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பின் மேல் தட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு வேலைபோன கதைகளின் பக்கம் திரும்பியது. தாஸண்ணன் என்னைப் பார்த்து, "ரகுவுக்கு வேலை போன நேரம் லைப்ரரி கார்ப்பார்க்கில இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவராம். சொல்லியிருப்பாரே, தங்கச்சி" என்றார்.

எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. என் மகள் மழலையர் பள்ளிக்குப் போன வருடம், வேலை போனதை என்னிடம் சொல்லாமல், புது வேலை கிடைக்கும்வரை தினமும் காலையில் கிளம்பிப் போயிருக்கிறார். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமாக நான் கட்டிக் கொடுத்ததைத்தான் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா, சொல்லியிருக்கார்" என்றேன். ரசம் பொங்கி இரும்பில் வழிந்து சீறியது.

மின்சாரம் வந்து வீடு திரும்பியதும், நம் வீட்டிலும் ஒரு விறகடுப்பு வைக்க வேண்டும் என்றேன். அப்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் மட்டும் ஏன் சொன்னீர்கள் என்றெல்லாம் கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு அடுப்புதான் வேண்டியிருந்தது. இந்த மனிதரை அப்படிப் பேசவைப்பது எதுவோ, அது என் கூடத்தில் இருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. புகைபோக்கி பொருத்தினார்கள், நகரசபையிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். தாஸண்ணனிடம் விறகு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சாலையோரம் விற்றவரிடம் நானே ஒரு வண்டி விறகு வாங்கினேன். நன்றாகக் காய்ந்தது என்றுதான் அவர் சொன்னார்.

எரியவில்லை. முனகியது. கட்டைகளின் நுனியில் நுரை தள்ளியது. அடுப்பின் கண்ணாடிக் கதவு கரிபிடித்து உள்ளே நெருப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. கதவைத் திறந்தால் கூடமெல்லாம் புகை, எச்சரிக்கை மணி அலறல். என் கணவர் ஒரு வாரம் பொறுமையாக ஊதிப் பார்த்தார். சனிக்கிழமை வந்ததும் வழக்கம்போல் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தாஸண்ணன் தனியாக வந்தார். வண்டி நிறைய விறகு. என் விறகில் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். பொத்தென்றது. தன்னுடையதில் இரண்டை எடுத்துத் தட்டினார். கணீரென்றது. "தண்ணியை எரிக்கப் பாத்திருக்கிறியள்" என்றார். இந்த ஈரவிறகை இப்படியே எரித்தால் புகைபோக்கிக்குள் கீல்போலப் படிந்து ஒரு நாள் அதுவே தீப்பற்றும் என்று எச்சரித்தார். அதை எங்கள் கொல்லையில் அடுக்கிவைக்கச் சொல்லி, இரண்டு வருடம் தொடக் கூடாது என்றார். பிறகு முழந்தாளிட்டு, பெரிய கட்டைகளைக் கீழேயும் சுள்ளிகளை மேலேயும் வைத்து, உச்சியில் தீ மூட்டினார். தீ மேலிருந்து கீழே இறங்கியது. புகையே இல்லை.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அண்ணே, அவர் உங்ககிட்ட மட்டும்தான் பேசறார். எனக்கு அது பிடிக்கல."

அவர் திரும்பவில்லை. காற்றுவழியைக் கொஞ்சம் குறைத்தார். "தெரியும், தங்கச்சி" என்றார். அடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டே, "எனக்கும் உங்களில எரிச்சல்தான்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"பின்னேரம் நீங்கள் போன் எடுப்பியள். அவர் உடன எழும்பிப் போயிடுவார். போட்ட விறகு பாதி எரியேக்குள்ள நான் தனிய இருப்பன். பிலோமினா போனாப் பிறகு, எங்க நிக்கிறாய், வீட்டை வா எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்ல. அந்த போன் அடிக்கிறது கேட்டாலே எனக்குக் கோவம் வரும்."

அந்த வீட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த வருடங்களில், என் தொலைபேசியைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காபி போட்டுக் கொடுத்தேன். "பால் கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே முழுவதும் குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நீங்கள் கொஞ்சம் பிந்திக் கூப்பிடுங்கோ. நான் கொஞ்சம் முந்தி அனுப்பிவிடுறன்" என்றார்.

இருவரும் அப்படியே செய்தோம். என் கணவருக்கு இது தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். இந்த ஏற்பாட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் அடுப்பின் முன்னால் அவர் உட்கார்ந்தார். சில நாள் பேசினார், பல நாள் பேசவில்லை. லைப்ரரி விஷயத்தை ஒரு நாள் தானாகவே சொன்னார், முழுவதும் அல்ல. சனிக்கிழமையானால் கோடரியோடு கிளம்பினார். சன்னலில் நின்று பார்க்கும்போது என் வயிறு எரியத்தான் செய்தது.

போன இலையுதிர் காலத்தில் தாஸண்ணனுக்கு இதயம் பலவீனமானது. கனம் தூக்கக் கூடாது என்றார்கள். ஜூட் வந்து பேர்லேண்டுக்கு அழைத்துப் போனார். இங்க ஏசிக்குத்தான் வேலை, என்னத்தை எரிக்கிறது என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்வார். என் கணவர் அவரோடு பேசுவதற்குக் கார் நிறுத்தும் அறைக்குப் போய்விடுவார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடக்கத்துக்கு நாங்கள் பேர்லேண்டுக்குப் போனோம். தேவாலயத்தில் திருப்பலிக்குப் பிறகு சில வார்த்தை பேசும்படி ஜூட் என் கணவரை அழைத்தார். எழுந்து போய் ஒலிபெருக்கியின் முன் நின்றார். இத்தனை வருடமாக அந்த அடுப்பின் முன்னால் கொட்டியதெல்லாம் இனி வெளியே வரும், நானும் கேட்கலாம் என்று காத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே நின்றுவிட்டு இறங்கி வந்தார். உட்கார்ந்ததும் தோள் குலுங்க அழுதார். இருபத்தாறு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. அப்போதுகூட, எனக்காக இப்படி அழுவாரா என்றுதான் நினைத்தேன்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். டொரொன்டோவிலிருந்து வரவேண்டிய, தாஸண்ணனின் சகோதரி மகனின் விமானம் பனியால் ரத்தாகியிருந்தது. ஐந்து பேர்தான் இருந்தார்கள். சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார் அடக்கத்துக்குப் பொறுப்பானவர். என் கணவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி என்னைத் தேடினார்.

"நீ வா. நீ பிடி" என்றார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். மெலிந்த மனிதர்தான். ஆனாலும் தூக்கியதும் கனம் தோள்வரை ஏறியது. வெளியே பளீரென்று வெயில். "பாத்து, படி இருக்கு" என்றார் என் கணவர். கையை மாற்றாமல், ஒவ்வொரு படியாக, அவரோடு சேர்ந்து இறங்கினேன்.

போய் வாருங்கள், தாஸண்ணே.