காம்பவுண்டுச் சுவர் மேல ரெண்டு தத்துவம்

உலகத்துல இருக்கற எல்லா மதத்தையும் பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுத்திருக்காங்க. அதுல கோயமுத்தூர் வர்ற எடத்துல, ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ரெண்டு பொம்பளைங்க நின்னுக்கிட்டு வாழ்க்கையோட அர்த்தத்தைப் பத்திப் பேசுவாங்க. மஞ்சச் சேலை கட்டினது நானு. பின்னாடி உருக்கமா ஒரு புல்லாங்குழல் வேற. பாக்கறவங்க கண்ணைத் தொடச்சுக்குவாங்க. ஆனா அது தத்துவம் இல்லீங்க, சண்டை.

என்ன சண்டைன்னு சொல்லிப்போடறேன். எங்க ஊடு கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாவுல. பக்கத்து ஊட்டு அம்மணி சர்ச்சுக்குப் போறவ. வயசுல என்னைவிடச் சின்னவ, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. அவ பொண்ணு பாதி நாள் என்ற ஊட்லதான் வளந்துச்சு. ஸ்கூல் விட்டா நேரா எங்க அடுப்படிக்குத்தான் வரும், "பெரிம்மா, என்ன இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே. அந்தப் பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம். எனக்கு வந்த அழைப்பு என்ன தெரியுங்களா? வாட்ஸப்புல ஒரு படம். கூடவே ரெண்டு கும்பிடு பொம்மை.

எங்க பக்கம் அழைப்புன்னா புருசனும் பொண்டாட்டியும் சோடியா ஊட்டுக்கு வரணும். தட்டுல வெத்தலபாக்கு, பழம், பூ, அதுக்கு மேல பத்திரிகை. உக்காந்து, தண்ணி குடிச்சு, "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணுங்க"ன்னு வாய் நெறையச் சொல்லணும். கூடப் பொறந்தவங்களுக்கே அப்படித்தான் சொல்லணும். தெருவுல எல்லா ஊட்டுக்கும் தட்டு போச்சு. நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க கேட்டைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. எனக்கு மட்டும் போன்ல பொம்மையா! வந்துச்சே கோவம். நானும் போகல, என்ற ஊட்டுக்காரரையும் போக உடல. அந்தக் கல்யாணத்துக்குன்னே எடுத்த பச்சைப் பட்டு பீரோவுல மடிப்புக் கலையாமக் கெடந்துச்சு. பொண்ணு கார்ல ஏறறப்ப எங்க ஊட்டைத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நான் திரைக்குப் பின்னாடி நின்னு அழுதேன். அதோட ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

ஐப்பசியில, மழை விட்டிருந்த ஒரு நாள், சென்னையில இருந்து ஒரு பொண்ணு கேமராக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்து எறங்கினா. காசி, ஜெருசலேம் எல்லாம் சுத்தியாச்சாம். எங்க தெருவுக்கு ஒரு மொனையில மாரியம்மன் கோயிலு, இன்னொரு மொனையில சர்ச்சு. அதனால இங்கயும் எடுக்கணுமாம்.

"ஆன்ட்டி, நீங்களும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் அந்தச் சுவர்கிட்ட நின்னா போதும். சும்மா சிரிச்சுப் பேசிட்டிருங்க."

சிரிச்சா! அடக் கருமமே! ஆனா அத்தனை தூரம் வந்த புள்ளைகிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்றது? எங்களுக்குள்ள பேச்சு இல்லைன்னு அசலூர்ப் புள்ளைகிட்டச் சொல்றது அதைவிடக் கேவலம். பக்கத்து ஊட்டு அம்மணியும் அதையேதான் நெனச்சிருப்பா போல. மூஞ்சி நெறைய பவுடரோட அந்தப் பக்கம் வந்து நின்னா. ரெண்டு பேரும் கேமராவை மட்டுந்தான் பாத்தோம்.

"வாழ்க்கையோட அர்த்தம் என்னன்னு நினைக்கிறீங்க?"

மொதக் கேள்வி எனக்கு. நாக்கு சும்மா இருக்குமா?

"கூப்பிடறதுதான் கண்ணு. மனுசனை மனுசன் நேர்ல வந்து, வாய் தெறந்து கூப்பிடணும். கூப்பிடாத எடத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

அந்தப் புள்ளைக்கு ஒரே பூரிப்பு. "கடவுளோட அழைப்பைச் சொல்றாங்க"ன்னு கேமராக்காரர் காதுல ஓதறா. அடுத்து அவளைக் கேட்டா. அவ தொண்டையைச் செருமிக்கிட்டா.

"கூப்பிடாமயே வர்றதுதானுங்க. தட்டு வெச்சுக் கூப்பிடறதெல்லாம் அசலாளுக்கு. நம்ம ஊட்டு ஆளைப் போய் யாராச்சும் தட்டோட கூப்பிடுவாங்களா? அவங்கதான் முன்னாடி வந்து எல்லாத்தையும் எடுத்துக்கட்டிச் செய்வாங்கன்னு, மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியை ஆருக்கும் குடுக்காம இடுப்புலயே சொருகிக்கிட்டுக் காத்துக்கெடந்தா, கடேசி வரைக்கும் வரலைன்னா என்னங்க பண்றது?"

"கேக்காமலே கிடைக்கிற அருள்!"னு புள்ளை துள்ளுறா.

எனக்கு அதெல்லாம் காதுலயே உழுகல. கல்யாண ஊட்ல அரிசி, பருப்பு, எண்ணெய் அத்தனையும் ஸ்டோர் ரூமுக்குள்ளதான் இருக்கும். அந்தச் சாவியை ஊட்டு ஆளைத் தவிர ஒருத்தர்கிட்டயும் குடுக்க மாட்டாங்க. கேமராவை மறந்துபோட்டு அவளையே திரும்பிப் பாத்தேன்.

"என்ன சாவி?"

"உங்களுக்கு வெச்சிருந்த சாவி."

"மனசுக்குள்ள வெச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"ஆன்ட்டி, கேமராவைப் பாருங்க, ப்ளீஸ்"னு அந்தப் புள்ளை கெஞ்சறா. அதுக்குள்ள மறுபடியும் மழை புடிச்சுக்கிச்சு. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குள்ள ஓடிப்போனோம்.

மறுநா காலையில பெல் அடிச்சுது. கதவைத் தெறந்தா புருசனும் பொண்டாட்டியும் சோடியா நிக்கறாங்க. லேத்து பட்டறைக்குக் கெளம்பின மனுசனுக்கு வெள்ளைச் சட்டையை மாட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கா. கையில தட்டு. வெத்தலபாக்கு, பழம், பூ, எனக்குன்னு கடையில வாங்கின, இன்னும் பிரிக்காத ஒரு குங்கும பாக்கெட்டு. எல்லாத்துக்கும் மேல, வைகாசியில முடிஞ்ச கல்யாணத்தோட பத்திரிகை.

உக்காந்தாங்க. தண்ணி குடிச்சாங்க. அவரு சிரிப்பை அடக்க முடியாம எங்க ஊட்டுக் காலண்டரையே படிச்சுக்கிட்டிருந்தாரு. அவ சிரிக்கல. எந்திரிச்சு, ரெண்டு கையாலயும் தட்டை நீட்டினா.

"அக்கா, நம்ம பாப்பாவுக்குக் கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணுங்க."

கடேசி வார்த்தை பாதிதான் வந்துச்சு. அதுக்குள்ள அழுதுபோட்டா.

என்ற ஊட்டுக்காரர் பத்திரிகையை எடுத்துத் தேதியைப் பாத்துப்போட்டு, "ஏனுங்க, இது..."ன்னு ஆரம்பிச்சாரு. நறுக்குன்னு அவரு காலை மிதிச்சேன். தட்டை வாங்கிக்கிட்டேன். எனக்கும் கண்ணு தெரியல.

"முந்துன நாளே வந்தர்றேன் அம்மணி. சாவியை மட்டும் வேற ஆருகிட்டயும் குடுத்துப்போடாத."