பத்துக் கட்டம்

உளவியல் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்கள் கையோடு ஓர் ஆளைக் கூட்டிப் போகவேண்டும். விலங்கியல் படிக்கிறவர்களுக்குத் தவளையைக் கல்லூரியே கொடுத்துவிடும். எங்களுக்கு வேண்டியது மனுஷி, அதை நாங்களேதான் பிடிக்கவேண்டும். அந்த ஆளுக்கு ‘சப்ஜெக்ட்’ என்று பெயர். ஆள் வராவிட்டால் தேர்வு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எம்.ஏ. கடைசி வருஷம். எனக்காக வருவதாக இருந்த தோழிக்குத் தேர்வன்று காலையில் அம்மை போட்டுவிட்டது. அட கெட்ட நேரமே! “இதுல கோட்டை உட்டீன்னா படிச்ச வரைக்கும் போதும், ஜாதகத்த எடுத்துருவேன்” என்று அப்பா முந்தின வாரமே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். தை மாதமே ஒரு மாப்பிள்ளை வீட்டாரை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்.

வீட்டில் சும்மா இருந்தது யாருமில்லை. சமையற்கட்டில் நங்கை மட்டும் இருந்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவளைக் கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

“மத்தியானச் சோத்துக்குள்ள கொண்டாந்து உட்டுரோணும்” என்றாள் அம்மா, ஏதோ இரவல் பாத்திரத்தைக் கொடுப்பதுபோல.

மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்துக் கோவைக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஓடினோம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா மேஜை மேஜையாக நடக்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு விழுந்த சோதனை, ஒருவர் தனக்குத்தானே எவ்வளவு உயரத்தில் இலக்கு வைக்கிறார் என்பது. காகிதம் நிறையக் கட்டங்கள். அரை நிமிஷத்தில் எத்தனை கட்டங்களில் பெருக்கல் குறி போடமுடியும் என்று முதலில் சொல்லவேண்டும், பிறகு போட்டுக் காட்டவேண்டும். ஜெயித்தவர் அடுத்த முறை இலக்கைக் கொஞ்சம் கூட்டுவார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஒத்திகைக்கு நங்கை இருபத்தொன்று போட்டாள். எனக்கே ஆச்சரியம்.

“அடுத்த தடவை எத்தனை போடுவீங்க நங்கை?”

“பத்து.”

போட்டது இருபத்தாறு. மறுபடி கேட்டேன். “பத்தே போதும் அம்மணி.” போட்டது இருபத்தொன்பது. அதற்கடுத்து எட்டு என்றாள். முப்பத்து மூன்று போட்டாள். மகராசி, என்னைக் கவிழ்க்கவே வந்தாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து மேஜையில் தேர்வாளர் குரல் உயர்ந்தது. “இது வீட்லயே உக்காந்து எழுதின கணக்கு. வெளியே போம்மா.” அந்தப் பெண் அழுதுகொண்டே பையை எடுத்தாள். என் பட்டியலில் இருந்ததெல்லாம் நிஜம். ஆனால் அதைவிடப் பொய்யாகத் தெரிகிற பட்டியல் அந்த அறையிலேயே இருந்திருக்காது.

“ஏன் நங்கை கொறச்சுக் கொறச்சுச் சொல்றீங்க?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “கூடச் சொல்லி என்ன பண்றது கண்ணு. கல்யாணமான புதுசுல, டீச்சர் டிரெய்னிங் போகோணும்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டேன். அடுத்த நாளே என்ற புஸ்தகமெல்லாம் பரண்மேல போயிருச்சு. அதுக்கப்புறம் யாரு எதக் கேட்டாலும் கொறச்சுத்தான் சொல்றது. கொறச்சுச் சொன்னா ஒருத்தருக்கும் உறுத்தாது பாரு.”

அந்தப் பரண் எனக்குத் தெரியும். புத்தகங்களைக் கட்டி ஏற்றியது அண்ணன். ஏணியைப் பிடித்தது நான். சப்ஜெக்ட் சொல்வதை அப்படியே எழுதுவதற்கென்று விடைத்தாளில் ஒரு பத்தி இடம் உண்டு. எழுதியிருந்தால் அந்த வினோதமான எண்களுக்கு அதைவிட நல்ல விளக்கம் வேறில்லை. ஆனால் எங்கள் வீட்டைப் பற்றி எங்கள் துறை முழுக்கப் படிக்குமே என்று கூசியது. செருப்புச் சத்தம் என் மேஜைப் பக்கம் திரும்பியது. ரப்பரை எடுத்தேன். அவள் சொன்ன எண்களை அழித்து இருபத்துநான்கு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று எழுதினேன். பத்தியில், சப்ஜெக்ட் மகிழ்ச்சியுடன் ஒத்துழைத்தார் என்று எல்லோரும் எழுதுகிற வரி.

தேர்வாளர் பட்டியலைப் பார்த்தார், பிறகு நங்கையைப் பார்த்தார். “இந்த நம்பரெல்லாம் நீங்களா சொன்னீங்க?”

நங்கை காகிதத்தை நிதானமாகப் படித்தாள். எட்டாவதோடு நின்றவள் இல்லை அவள், பிளஸ் டூ.

“ஆமாங்க. நாந்தாஞ் சொன்னேன்.”

“அழகா வந்திருக்கு” என்றார் தேர்வாளர். என் பக்கம் திரும்பினார். “சரி, நல்லா செய்யற ஒருத்தர் இலக்கைக் குறைச்சே சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?”

“தன்னம்பிக்கைக் குறைவு, மேடம்” என்றேன். பாழாய்ப்போன நாக்கு! ஒரு கை தூரத்தில் நங்கை உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் பஸ் துடியலூரைத் தாண்டியது. “கோவமா நங்கை?” என்று கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்ல. ஏன்னு என்னைக் கேட்ட மொத ஆளு நீதான். அதான் பரண் கதையச் சொன்னேன்” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வில் தேறிவிட்டேன் என்று அன்றே எனக்குத் தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தப்பித்தார்கள். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

வீட்டில் அம்மா அரிசியை ஊறப்போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நங்கை நேராக அடுப்பங்கரைக்குப் போனாள்.

“அங்க என்ன பண்ணச் சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“கட்டத்துல பெருக்கல் போடச் சொன்னாங்க அத்தை.”

“நீ எத்தனை போட்டே?”

“பத்துங்க” என்றாள் நங்கை.

முப்பத்து மூன்று என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை.