ரெப்ரி மேல் பத்தாவது மனு

கால்பந்து மைதானத்தின் கார்னர் கொடியிலிருந்து பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் நஞ்சுண்டன். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்திருக்கிறார். வலது கையில் பென்சில். முழங்கால் மேல், டைப் அடிக்கும்போது பிழையாகிப்போன மனுக்காகிதம் ஒன்று, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி மடித்தது. நடுவர் விசில் ஊதியதும் மணியைப் பார்ப்பார், நிமிடத்தை எழுதுவார், நடுவர் செய்த குற்றத்தையும் எழுதுவார். அதன் பிறகுதான் எழுந்து நிற்பார்.

"ஏனுங்க ரெப்ரி! கண்ணு ரெண்டையும் ஊட்டுலயே வச்சுப்போட்டு வந்துட்டீங்களாங்க?"

எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் விடுபடாது. எதிரணிக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "விசில இங்க குடுத்துப்போட்டு வந்து உக்காருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோமுங்க" என்பார். கழுத்து நரம்பு புடைத்து, குரல் உடைந்து, கடைசி எழுத்துகள் காற்றாக வெளியே வரும். சுற்றி உட்கார்ந்திருக்கும் நூறு நூற்றைம்பது பேர் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அவர் தொடங்கி வைத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் திட்டுவதில் 'ங்க' இருக்காது.

வாரத்தில் ஐந்து நாள் நஞ்சுண்டன் வேறு ஆள். தாலுகா ஆபீஸ் எதிரே புங்க மரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் தமிழ் டைப்ரைட்டர், எதிரே ஒரு முக்காலி. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தெருக்குழாய், சுடுகாட்டுப் பாதை என்று வருகிறவர்கள் ஊர்க்கதையெல்லாம் சொல்வார்கள். அவர் சொல்கிறவர் முகத்தைப் பார்த்தபடியே அடிப்பார், எழுத்துக் கட்டைகளைப் பார்க்கமாட்டார். யாராவது அழுதால் மட்டும் விரல் நிற்கும்.

"அழுகைய அடிக்க முடியாதுங்க அம்மணி. தேதியச் சொல்லுங்க" என்பார்.

அவர் அடித்த மனுவுக்கு ஆபீசில் மதிப்பு உண்டு. தள்ளாத வயதில் தனியாகக் கிடந்த கிழவிக்கு மூன்றே மாதத்தில் பென்ஷன் வந்தது. எட்டு வருஷம் வராத தெருவிளக்கு வந்தது. நஞ்சுண்டன் மனு என்றால் கிளார்க் இரண்டாம் தடவை படிப்பார் என்று சூலூர், இருகூர்ப் பக்கமெல்லாம் பேச்சு.

கால்பந்து மனுவுக்கு மட்டும் இதுவரை பதில் வந்ததில்லை. லீக் கமிட்டிக்கு ஒன்பது அனுப்பியிருந்தார். 'மேற்படி நடுவர் அவர்கள், மேற்படி பந்து கோட்டைக் கடந்ததைத் தமது சொந்தக் கண்களால் கண்டும் காணாதவராய்' என்று தொடங்கி, 'தக்க நடவடிக்கை எடுத்து எங்கள் மனப்புண்ணை ஆற்றுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று முடியும். கீழே ஊர்க்காரர்கள் கையெழுத்து, கைநாட்டு. ஒன்பதுக்கும் நகல் வைத்திருக்கிறார்.

இதெல்லாம் வசந்தம் அணிக்காக. இருகூரைத் தாண்டி ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கிறது அவர்கள் மைதானம். ஒரு பக்கம் விசைத்தறிக் கொட்டகைகள், மறுபக்கம் சீமைக்கருவேல முள். அணியில் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தாம். ஃபவுண்டரியிலும் தறியிலும் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பழகுகிறவர்கள். வெளியூர் போனால் நன்றாக ஆடுவார்கள். பொள்ளாச்சியில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். திருப்பூரில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு சமன் செய்தார்கள். சொந்த மைதானத்தில் மட்டும் தொண்ணூற்று நாலு தை மாதத்துக்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு வருஷம்.

"வெளியூருல சிங்கமாட்ட ஆடறானுங்க. இங்க வந்தாக் காலக் கட்டிப்போட்டாப்புல நிக்கறானுங்க" என்று நஞ்சுண்டன் மருகுவார். கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் புதைத்துப் பார்த்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கம்பங்களையே பிடுங்கி, மைதானத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நட்டார்கள். அந்த வாரம் நாலு கோல் வாங்கினார்கள்.

தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டார். மனைவி கருப்பாத்தாள் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"ரெப்ரியே இல்லாம ஆடுனாலும் உங்காளுக தோத்துத்தான் போவாங்க. சோத்தத் தின்னுங்க."

"உனக்கென்ன அம்மணி தெரியும்? பன்னெண்டாம் நிமிசம் ஒரு பெனால்டி. கண்ணு முன்னால உட்டுப்போட்டாரு."

"அந்தப் பெனால்டியக் குடுத்திருந்தா மட்டும் உள்ள அடிச்சிருப்பாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை மூடி வைப்பாள்.

தொண்ணூற்றாறு மாசி மாதம் சீசனின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். சமன் செய்தால் முதல் டிவிஷனில் இருக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். எண்பத்து மூன்றாம் நிமிடம் வரை ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். அப்போது ஒரு கார்னர் கிடைத்தது. கேப்டன் மாசாணம் கூட்டத்துக்குள் எம்பினான். வலை குலுங்கியது. தறிக் கொட்டகை ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் குதித்துவிட்டார்கள். நஞ்சுண்டன் கையிலிருந்த கடிகாரம் எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரியாது.

விசில் கேட்டது. நடுவர் பொங்கியண்ணன் தன் முன்கையைத் தட்டிக் காட்டினார். பந்து கையில் பட்டதாம்.

"தோளுங்க! தோள்ல பட்டுச்சுங்க! பத்தடியில நின்னு பாத்தனுங்க!"

ஆட்டம் அப்படியே முடிந்தது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. யாரும் அடிக்கவில்லை. ஆனால் வேலியோரம் நின்றிருந்த பொங்கியண்ணனின் டி.வி.எஸ். மொபெட்டின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது ஆள், புழுதி படிந்த கறுப்பு உடுப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவதை நஞ்சுண்டன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிடுங்கியது அவரில்லை. தடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பத்தாவது மனு தயார். மூன்று பக்கம், ஒரு பிழை கிடையாது. அந்த ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டுமென்று கோரிக்கை. அறுபத்திரண்டு கையெழுத்தில் முதல் கையெழுத்து மாசாணத்தினுடையது. நாலாம் நாள் பதில் வந்துவிட்டது: சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை, கேப்டனுடன் வரவும். அந்தக் கடிதத்தை அவர் மரத்தடிக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "வருதுங்க. நியாயம் வந்தே தீருமுங்க" என்றார். அந்த இரண்டு நாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டார்.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில், கமிட்டி அறை. மேஜைக்குப் பின்னால் செயலாளர். ஓரமாகப் பொங்கியண்ணன், வெள்ளைச் சட்டையில். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறாராம். விசில் இல்லாமல் பார்த்தால் யாரோபோல இருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

செயலாளர் மனுவைப் புரட்டிவிட்டு மாசாணத்தைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. பந்து எங்க பட்டுச்சு?"

கீழே தெருவில் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் உக்கடம் உக்கடம் என்று கூவுவது கேட்டது.

"பயப்படாத கண்ணு. தோள்னு சொல்லு" என்றார் நஞ்சுண்டன்.

"கையிலதானுங்க பட்டுச்சு."

"மாசாணம்..."

"கைதானுங்ணா. நாந்தான் வேணும்னே தள்ளுனேன். அவரு ஊதுனது சரிதானுங்க."

செயலாளர் பேனா மூடியைத் திருகினார். பொங்கியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. விசாரணை பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சிங்காநல்லூர் தாண்டியதும் நஞ்சுண்டன் அவன் பக்கம் திரும்பினார்.

"அப்பறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டே?"

"நீங்க நீட்டுனீங்க. உங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்ணா மாட்டேங்கறது?"

"எனக்குத் தோள்ல பட்ட மாதிரிதாண்டா தெரிஞ்சுது. சத்தியமா."

"தெரியுமுங்ணா." மாசாணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நம்ம கிரவுண்டுல எறங்குனாலே எங்களுக்குக் கால் நடுங்குதுங்ணா. நீங்க எந்திரிச்சு நின்னாப் போதும், அத்தன பேரும் கத்தறாங்க. ரெப்ரியத்தான் திட்டறாங்க, தெரியுது. ஆனா ஒரு பாஸ் தப்பாப் போச்சுன்னா அடுத்தது நம்மளத்தான்னு தோணுது. வெளியூருல யாருமே கத்தறதில்லீங்ணா. நிம்மதியா ஆடறோம்."

இருகூரில் மாசாணம் இறங்கிக்கொண்டான். நஞ்சுண்டன் தன் ஸ்டாப்பில் இறங்க மறந்து இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தார்.

வசந்தம் அணி இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. நாலு பேர் பழக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நஞ்சுண்டன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போவார். போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். சோற்றைத் தின்னச் சொல்லி வைவதைக் கருப்பாத்தாள் விட்டுவிட்டதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை, முக்காலியில் வந்து உட்கார்ந்தவரை அவர் முதலில் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லுங்க, என்ன விசயமுங்க?" என்று காகிதத்தைச் செருகினார்.

"லீக் கமிட்டிக்கு ஒரு லெட்டர் அடிக்கோணுமுங்க."

பொங்கியண்ணன்.

"உங்க மனுவப் படிக்கக் குடுத்தாங்க. நல்ல தமிழுங்க. ஒரு எழுத்துத் தப்பில்லீங்க" என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார், குத்தல் இல்லை. "அதான் அடிச்சா உங்ககிட்டயே அடிச்சுக்கலாமுன்னு வந்தனுங்க. இனிமே ஆட்டத்துக்கு வரலைன்னு எழுதோணும். பதினெட்டு வருசம் ஊதியாச்சு. போதுமுங்க."

"காரணம் போடோணுமுங்களே."

"முட்டி வலின்னு போட்டுருங்க."

"முட்டி வலிதானுங்களா?"

பொங்கியண்ணன் புங்க மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "அப்படியே இருக்கட்டுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"உங்களுக்குப் பதிலு யாரு வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க போலிருக்குதுங்க. கேட்டுப் பாத்தாங்களாம். இந்தப் பக்கம்னாலே வேண்டாங்கறாங்க."

நஞ்சுண்டன் அடிக்கத் தொடங்கினார். எப்போதும் எதிராளி முகத்தைப் பார்த்தபடி அடிக்கிறவர், இன்று கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெறுநர், பொருள், ஐயா. 'கடந்த பதினெட்டு ஆண்டுகளாக நடுவராகப் பணியாற்றி வந்த நான், முழங்கால் வலி காரணமாக' என்று வந்ததும் வரி முடிந்து, டைப்ரைட்டரின் மணி டிங் என்று அடித்தது. அடுத்த வரிக்குத் தள்ளுகிற நெம்புகோலின் மேல் அவர் இடது கை போய் உட்கார்ந்தது. பொங்கியண்ணன் காத்திருந்தார். கை அங்கேயே இருந்தது, தள்ளவில்லை.