காவடிக்குக் காரணமான ஜெர்மன் ட்ரம்

முருகன் என்னை மாரடைப்பால் தண்டிக்கிறார் என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பது தாண்டிய வயதில், மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு டீ ஷேர்ட்டோடு, கந்தசஷ்டி விரதத்தின் நடுவில் ஜெர்மன் ஹெவி மெட்டல் கச்சேரிக்குப் போன ஒருவனை அவர் வேறென்ன செய்வார்?

அந்தக் குழு எனக்குப் பிடித்த பழைய பைத்தியம். லண்டனுக்கு வந்த புதிதில், பெற்றோல் ஸ்டேஷனில் யாரோ விட்டுப்போன கசெட்டில் தொடங்கியது. ஆரம்ப ஆல்பங்களில் வீடு தீப்பிடித்தவர்கள் போல ஓடினார்கள். பிறகு கீபோர்ட்காரர் ஒருவர் வந்து சேர, வேகம் குறைந்தது. பாடகர் கத்துவதை விட்டுப் பாடத் தொடங்கினார். கோபத்தில் நான் அவர்களோடு கதைபேச்சில்லாமல் இருந்தேன். அவர்களுக்கு அது தெரியாது. தலைமுடி கொட்டிய காலத்தில் பழைய வேகத்துக்கே திரும்பினார்கள், நானும் மன்னித்துவிட்டேன். இவ்வளவையும் கேட்டது இயர்போனில், மெதுவாக. நாங்கள் இருக்கும் மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் எங்கள் வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர்.

நேரில் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை. துணைக்கு மனைவியின் தம்பி வந்தான்.

“விரதத்தோடை போறியள். முருகன் பாத்துக்கொள்ளுவார்,” என்று பாலைக் கையில் தந்தாள் மனைவி. எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

தீபாராதனைக்கு இடித்துக்கொண்டு முன்னுக்குப் போகிற பழக்கம் எங்கள் ஆட்களை விட்டு எங்கே போகும்? மச்சான் தடுக்கத் தடுக்க, அலுமாரி அளவு ஸ்பீக்கர் ஒன்றின் அருகே போய் நின்றேன். கிட்ட நின்றால்தானே அருள்.

ஆல்பங்கள் வந்த வரிசையிலேயே வாசித்தார்கள். முதல் பாட்டிலேயே நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். போகப்போக வியர்த்தது. இடக்கை விறைத்தது; அதை அரைமணி நேரமாக மேலே தூக்கிப் பிடித்திருந்தது நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடி முருகனுக்குக் காவடி நேர்ந்தேன்.

உடனே கீபோர்ட் காலம் வந்தது. நெஞ்சு அடங்கியது. நான் வெறுத்த பாட்டுகளைக் கண்ணீரோடு கேட்டேன். ஆபத்து விலகியதால், காவடியை ஒரு தேங்காய் அர்ச்சனையாகக் குறைத்துக்கொண்டேன்.

அது முருகனுக்குப் பிடிக்கவில்லை போலும். குழு பழைய வேகத்துக்குத் திரும்பியது, உலக்கையும் திரும்பியது. அவசரமாகக் காவடிக்கே ஏறினேன்.

“மச்சான், நெஞ்சு இடிக்குது. உன்ரை அக்காவிட்டைச் சொல்லிப்போடு,” என்று அவன் காதில் கத்தினேன்.

“என்னெண்டு சொல்ல?”

“அவள் சொன்னது சரியெண்டு.”

அவன் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தான். அங்கேயும் அதே உலக்கை, அதே தாளம்.

“எனக்கும் இடிக்குது அத்தான். பக்கத்திலை நிக்கிற தாடிக்காரனுக்கும் இடிக்கும், தொட்டுப் பாக்கிறியளோ? ஸ்பீக்கரை விட்டு இஞ்சாலை வாங்கோ.”

பின்பக்கம், சொசேஜ் பொரிக்கிற கடையடியில் போய் நின்றோம். நெஞ்சு சாதுவானது, வயிறுதான் கத்தியது. மணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் சந்தோஷமாகக் கேட்டேன். தம்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், நான் அர்ச்சனைக்குக் குறைத்தது உட்பட. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள் அவள்.

மாரடைப்பு வரவில்லை. அடித்தது ட்ரம். அடுத்த கோடையில், முருகன் கோவில் தேர் அன்று, நான் காவடி எடுத்தேன்.