நெஞ்சில் திரவம் நிரப்பினால் நோன்பு முறியுமா

நான் படித்தது நான்காம் வகுப்பு வரைதான். ஆனால் என் அரிசி ஆலையை நானே கட்டினேன், மகளை டொக்டராக்கினேன், ஏழு வயதில் பிடித்த நோன்பை அகதி முகாமில் இருந்தபோதும் விட்டதில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லக்கூடிய இன்னொரு மனிசன் கல்முனையில் இருந்தால் வந்து காட்டட்டும்.

ஆலையின் உமித்தூசி நாற்பது வருடமாக என் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. படியேறினால் இரைக்கும். மகள் ஓர் இன்ஹேலரைத் தந்து பகலிலும் இழுக்கச் சொன்னாள். றமழான் வந்ததும் நான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். உள்ளே ஏதாவது போனால் நோன்பு முறியும்.

“பகல்ல இழுக்காட்டி ஒருநாளைக்கி மூச்சு நிண்டு போகும் வாப்பா,” என்றாள்.

“நிண்டா நோன்போட நிக்கட்டும்,” என்றேன்.

அவள் கதையை மாற்றத்தான் ஒரு புது வைத்தியத்தைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். பழுதான சுவாசப்பையை ஒரு திரவத்தால் நிரப்புவார்களாம். தண்ணீர் அல்ல, ஒட்சிசனைச் சுமக்கும் திரவம், தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். நோயாளி மயக்கத்தில் கிடக்க, இயந்திரம் மூச்சை ஓட்டும். ஒட்டிக் கிடந்த சுவாசப்பை விரிந்து கொடுக்கும். சளியும் அழுக்கும் மேலே மிதந்து வரும். குறைமாதக் குழந்தைகளுக்குக்கூடச் செய்து பார்த்திருக்கிறார்களாம். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம்.

இதில் என்ன ஆராய்ச்சி. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டால் பதர் மேலே மிதக்கும், மணி அடியில் கிடக்கும். எத்தனை வருடமாக இதைச் செய்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெள்ளைக்காரன் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

“அது எனக்கெண்டே செஞ்ச வைத்தியம் புள்ள. ஆனா நோன்பு முறியுமா?”

“வாப்பா, அது இந்த நாட்டுலயே இல்ல.”

“வந்த பொறகு கேட்டுட்டு இரிக்கேலா. தீர்ப்ப இப்பயே எடுத்து வைக்கோணும்.”

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் மௌலவியிடம் விசயத்தை வைத்தேன். அவர் நான் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அதற்குள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மீன் வாடி வைத்திருக்கும் என் மச்சானும் வந்தான். நான் எங்கே வாய் திறந்தாலும் அவன் அங்கே இருப்பான்.

“தண்ணிக்குள்ள மூச்செடுக்கிறது மீன்தானே. மீனுக்கு நோன்பு கடமயில்லகா மச்சான்,” என்றான்.

“இது வயித்துக்குப் போறல்ல. நெஞ்சுக்குத்தான் போற,” என்றேன்.

நெஞ்சும் உள்ளேதானே என்றார் ஒருவர். குடித்தால்தான் முறியும், இதைக் குடிப்பதில்லையே என்றார் மற்றவர். அந்தத் திரவம் ஹலாலா என்று ஒருவர் எழும்பினார். இருமும்போது வெளியே வந்தால் தொழுகைக்குக் கைகால் கழுவிய வுழு நிற்குமா என்று இன்னொருவர் கேட்டார். நெஞ்சில் அவ்வளவு பாரத்தோடு நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது போனால் இந்த மனிசன் திரும்ப எழும்புவாரா என்றான் மச்சான். கொழும்பிலும் இல்லாத ஒரு வைத்தியத்துக்காக இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு வெவ்வேறு வாசலால் வெளியேறினார்கள். ஊருக்கு இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்தவன் நான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

விடவில்லை. என் நெஞ்சு எவ்வளவு பழுது என்று விளக்கினேன். எத்தனை படியில் இரைக்கும், எந்தப் பக்கம் படுத்தால் விசிலடிக்கும், சளி என்ன நிறம், எல்லாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு இறுகியது. தூணைப் பிடித்துக்கொண்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

மௌலவி என் முகத்தைப் பார்த்தார். “ஹாஜியார், மிசினுல கெடக்கிற ஆள் நோயாளி. நோயாளிக்கு நோன்ப விட அனுமதி இரிக்கி. தீராத நோயெண்டா ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு அரிசி குடுத்தாச் சரி. அந்தத் தண்ணி முறிக்குமா இல்லையாங்கிற கேள்வியே வராது.”

“அப்ப இவரு?” என்றான் மச்சான், என்னைக் காட்டி.

“இவரு நோயாளியெண்டு இவ்வளவு நேரமா சாட்சி சொன்னது இவருதானே.”

என் ஆயுளில் என் வாயே என்னைக் கட்டிப்போட்டது அன்றுதான். மச்சான் தன் சாரத்து மடியிலிருந்து இன்ஹேலரை எடுத்தான். மகள் மற்றச் சாவியால் என் அலுமாரியைத் திறந்து எடுத்து அவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இந்த நையாண்டிக்காரன் இவ்வளவு நேரமும் அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

இழுத்தேன். அறுபது வருடத்து நோன்பு, பின்னேரம் அசர் தொழுகைக்கு வாங்கு சொல்லுமுன் முறிந்தது.

அடுத்த நாளே ஏழைகளுக்கான அரிசிக்கு என் நல்ல கீரிச்சம்பா நெல்லைத் தொட்டியில் கொட்டினேன். மச்சான் பக்கத்தில் நின்று, “சப்பி கலந்து குடுத்துராத,” என்றான். மேலே மிதந்த ஒவ்வொரு பதரையும் என் கையாலேயே வழித்து எடுத்தேன். இடையில் இரண்டு தரம் இன்ஹேலர் இழுக்க வேண்டியிருந்தது. அந்தத் திரவ வைத்தியம் என்றைக்காவது இந்த நாட்டுக்கு வந்தால், அதற்கான தீர்ப்பு எங்கள் ஊரில் தயாராக இருக்கிறது. எடுத்து வைத்தவன் நான்.