சங்குப் பாட்டு மேடை ஏறிய நாள்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ராக் இசைக்குழு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பாடியவள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

நாங்கள் நான்கு பேர். கிதார் என் அண்ணன். சர்ச் பாடகர் குழுவில் பழகிய கை. டிரம்ஸ் வாசித்தவர் நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். பேஸ் கிதார்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்தார்; வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மேடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கல்யாணத்துக்கு சினிமாப் பாட்டுக் கச்சேரி வேண்டும் என்று யாராவது வந்தால், "நாங்க வாசிக்கிறது ராக். எல்லாம் சொந்தப் பாட்டு" என்பான் அண்ணன். வந்தவர்கள் "அப்ப சரி தம்பி" என்று எழுந்து போய்விடுவார்கள்.

அந்தச் சொந்தப் பாட்டுகளில் ஒன்று நான் எழுதியது. காலையில் மில் சங்கு ஊதும்போது இன்னும் தலைவாரி முடிக்காத ஒருத்தி அந்தச் சங்கோடு சண்டை போடுகிற பாட்டு. "சங்கே சங்கே செத்த இரு, தலைய முடிஞ்சுட்டு வாரேன் இரு" என்பது பல்லவி. அண்ணனின் கிதார் நிஜச் சங்கு போலவே தாழ எழும்பி, ஏறி ஏறி அலறும்.

அதையும் வேறு மூன்று பாட்டுகளையும் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி தடுப்பு வைத்து எங்களை உட்கார வைத்தார்கள். டிரம்முக்குள் கம்பளியைத் திணித்துவிட்டு, "மெதுவா அடிங்க, மைக் தாங்காது" என்றார் ஒலிப்பதிவாளர். என்னை ஒரே பாட்டை இரண்டு முறை பாடவைத்து ஒன்றின் மேல் ஒன்றைச் சேர்த்தார். பிறகு ஒரு சொல்லில் நின்றார்.

"'செத்த'ன்னா வெளியூர்ல இருக்கவங்க சாவுன்னு நினைப்பாங்கம்மா. 'சற்றே'ன்னு பாடிடுங்க."

பாடிவிட்டேன். பாட்டுக்கு நாங்கள் முடிவு யோசித்திருக்கவில்லை. "அதை நான் பார்த்துக்கிறேன்" என்று சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து அவரே முடித்துவிட்டார்.

கேசட் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடை ஒன்றில் அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கனத்த, வழவழப்பான குரல். மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவரிடம் அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொழிலாளர் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு ஒரே பிடிவாதம். "கேசட்டுல இருக்க மாதிரியே வாசிக்கணும். அதத்தான் கேக்க வாராக."

"கேசட்டுல பாட்டு தேஞ்சுல்லா போகுது. மேடையில எப்படித் தேய்றது? வாசிச்சுக்கிட்டே பின்பக்கமா நடந்து போயிருவமா?" என்றார் டிரம்ஸ்காரர்.

சிரித்தோமே தவிர, முடிவு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானம், மாலை நான்கு மணி. வெயில் இறங்காத நேரம். முன்வரிசை முழுக்க செட்டியார்பட்டிப் பக்கமிருந்து வேனில் வந்திருந்த தறிக்கூடத்துப் பெண்கள். முதல் பாட்டு முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர், "கேசட்டுல குரல் கனமா இருந்துச்சு. நேர்ல மெலிசாத்தான் இருக்கு" என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. இருக்கிற ஒரு குரலை வைத்துக்கொண்டு இரண்டு குரலுக்கு எங்கே போவேன்?

நான்காவதாகச் சங்குப் பாட்டு. கம்பளி இல்லாத டிரம்மை எலக்ட்ரீஷியன் தன் கைப்பலம் முழுவதும் சேர்த்து அடித்தார். வேகம் கேசட்டை விட எங்கேயோ போய்விட்டது. அதைப் பிடிக்கிற அவசரத்தில் 'சற்றே' மறந்துபோய், "சங்கே சங்கே செத்த இரு" என்று பாடினேன். முன்வரிசை குபீரென்று சிரித்தது. அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல். அதற்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை.

கேசட்டில் பாட்டு தேய்கிற இடம் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கை போன போக்கில் மைக்கைக் கீழே நீட்டி, "யக்கா, நீங்க எதுக்கு லேட்டு?" என்றேன்.

நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து, தாளம் பிசகாமல், "அடுப்ப அமத்திட்டு வாரேன் இரு" என்றாள்.

மைதானமே கை தட்டியது. பின்னாலிருந்து இன்னொருத்தி: "பிள்ளைக்குப் பால்குடுத்துட்டு வாரேன் இரு." அதற்கு அடுத்தவள்: "மாமியாளுக்குப் பதில் சொல்லிட்டு வாரேன் இரு." ஒவ்வொரு அடிக்கும் பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நான் பாடுவதை நிறுத்தினேன். அண்ணன் கிதாரிலிருந்து கையை எடுத்தான். பேஸும் நின்றது. கடைசியாக டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கை தட்ட ஆரம்பித்தார். வாத்தியம் எதுவும் இல்லாமல் அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, தறிக்கு கரண்டை நிறுத்தினாற்போல, கடைசி 'இரு'வில் அத்தனை பேரும் ஒன்றாக நின்றார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு எடத்துல சுருதி விட்டுட்ட" என்றான்.

"ஆமா."

"நான் மூணு எடத்துல தப்பா வாசிச்சேன்."

"கேட்டேன்."

செத்த நேரம் கழித்து, "இனிமே கேசட்டு மாதிரி வாசிக்க வேண்டாம்ட்டீ" என்றான். என் அண்ணன் வாயிலிருந்து நான் வாங்கிய பெரிய பட்டம் அதுதான்.

கூட்டத்தில் யாரோ டேப்ரிக்கார்டரில் அன்றைய பாட்டைப் பிடித்திருந்தார்கள். நடுவில் இருமலும் வேன் ஹாரனும் கேட்கும். அதுதான் பிரதிமேல் பிரதியாகத் தறிக்கூடங்களுக்குள் போனது. ஸ்டூடியோ கேசட் கடைகளிலேயே தங்கிவிட்டது.

தொண்ணூறுகளில் மேலும் பல வருடங்கள் வாசித்தோம். ஒரு முறை பாடியது போல மறுமுறை பாடியதில்லை. வ. புதுப்பட்டியில் பாடியபோது, வயலிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெண் மேடை ஓரத்துக்கு வந்து நின்று, "நாத்தக் கட்டி வச்சுட்டு வாரேன் இரு" என்று தன் அடியைச் சேர்த்தாள். சங்கு ஊத அந்த ஊரில் மில்லே கிடையாது. அவள் பாடி முடித்ததும், மேடையில் பேசவே பேசாத எங்கள் பேஸ் கிதார்காரர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "இன்னொரு வாட்டி பாடுங்கம்மா" என்றார்.