சத்தம் போட்டுப் படித்தால்தான் படிப்பா?

சி.ஏ. இன்டர் தேர்வில் நான் முதல் முறை தோற்றதற்குக் காரணம் ஒரு தேதி. ஏப்ரல் ஒன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் நாமக்கல் பக்கம் படிப்பு என்றால் ஹாஸ்டல். பிளஸ் டூவுக்கு என்னை அப்படித்தான் கொண்டுபோய் அடைத்தார்கள். விடிவதற்குள் மணி அடிக்கும். வரிசையாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், எதிரே நிற்பவளிடம் ஒப்பிக்க வேண்டும், பிறகு பார்க்காமல் எழுதிக் காட்ட வேண்டும். மதிப்பெண் கொட்டியது, பொய் சொல்லக் கூடாது. அதனால் சி.ஏ.வுக்கும் அதே வழிதான் என்று அப்பா முடிவு செய்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பார்த்த கோச்சிங் விடுதியும் முன்பு பிளஸ் டூ பிள்ளைகளுக்காக நடந்ததுதான். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அங்கே கணக்கையும் ஒப்பித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், கணக்கை! போடவில்லை, ஒப்பித்தோம். கணக்கு வருடம் தொடங்கும் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒரு கம்பெனி ஓர் இயந்திரம் வாங்குகிறது, வருடத்துக்கு அதன் தேய்மானம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. வார்டன் முதல் வரியைச் சொன்னால் கடைசி விடை வரைக்கும் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் இருபது முறை இம்போசிஷன்.

தேர்வில் அதே கணக்கு வந்தது. அதே இயந்திரம், அதே விலை. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கை தானாக எழுதிக்கொண்டு போனது. வெளியே வந்ததும் சேலத்துப் பெண் ஒருத்தி, "அக்டோபர்ல வாங்குனதால பாதி வருஷத்துக்குத்தானே தேய்மானம்?" என்றாள். எந்த அக்டோபர் என்று கேட்டேன். வினாத்தாளை விரித்துக் காட்டினாள். தேதியை மாற்றியிருந்தார்கள். எங்கள் விடுதியிலிருந்து போனவர்கள் அத்தனை பேரும் முழு வருடத்துக்கு எழுதிவிட்டு வந்து நின்றோம். ஒருத்திகூட வினாவைப் படிக்கவில்லை. தெரிந்த கணக்கை யார் படிப்பார்கள்? இப்படி எத்தனை கணக்கில் கோட்டை விட்டேனோ, அந்தத் தாளிலேயே கவிழ்ந்தேன்.

முடிவு வந்த அன்றே விடுதி மேலாளர் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, பாப்பா இன்னுங் கொஞ்சம் மனப்பாடம் பண்ணோணுங்க. ரிப்பீட்டர் பேட்ச் திங்கக்கெழம ஆரம்பிக்கறமுங்க."

அப்பா சரிங்க, சரிங்க என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் அங்க போகமாட்டனுங்கப்பா. ஊட்லயே படிக்கறேன்."

"ஊட்ல எவ சாமி படிச்சிருக்கறா?"

"நான் படிக்கறேன். அங்க போனா மறுபடியும் ஃபெயிலுதான். எழுதி வெச்சுக்கோங்க."

மூன்று நாள் சண்டை. நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன், அம்மா அழுதாள், அப்பா என்னோடு பேசாமல் டீ மட்டும் வாங்கிக் குடித்தார். நான்காம் நாள் ஒத்துக்கொண்டார். "இந்த ஒருக்கா மட்டும். இதுலயும் போச்சுன்னா சி.ஏ.வ மூட்ட கட்டி வெச்சுப்போட்டு பேங்க் பரிச்சைக்குப் படிக்கோணும்." சரி என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வு.

என் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வினாவை இரண்டு முறை மனதுக்குள் படிப்பேன். தேதி எங்கே இருந்தாலும் பென்சிலால் கோடு போடுவேன். புத்தகத்தை மூடிவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்து, வெள்ளைத்தாளில் போட்டுப் பார்ப்பேன். எங்கே தப்பு, ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் எழுதுவேன். அதே கணக்கை எண்களையும் தேதிகளையும் மாற்றி மறுநாள் போடுவேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு கணக்குக்கு மேல் நகரவில்லை. மனப்பாடம் செய்த மூளைக்குக் கணக்குப் போட வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யார்மீதென்று இல்லாமல் எரிச்சல் வந்தது.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருந்தது. சத்தம் வராது.

அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பட்டறையில் சத்தம் இல்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். மதியம் சாப்பிட வரும்போதெல்லாம் என் அறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அம்மா அடுப்படியிலிருந்து உளவு சொல்வாள். "காத்தாலிருந்து ஒரு வார்த்த படிக்கலீங்க. சும்மா எழுதி எழுதிக் கிழிச்சுப் போடறா."

"வாய்விட்டுப் படி சாமி," என்பார் அப்பா. "அப்பத்தான் மண்டைல ஏறும்."

"கணக்குங்கப்பா! கணக்கப் போய் யாராச்சும் வாய்விட்டுப் படிப்பாங்களா?"

"போன வருசம் படிச்சியே?"

"படிச்சுத்தானுங்க ஃபெயிலானேன்!"

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் மேசையில் பழைய விடுதி நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். பரணிலிருந்து எடுத்து, தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் புது அட்டை போட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மொத்தத்தையும் அள்ளி வாசலில் எறிந்தேன். அப்பா குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார். பாவமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்த நோட்டுகள் மறுபடியும் மேசைக்கு வந்துவிடும் என்று தெரியும்.

இரண்டு குரூப்பும் பாஸ் செய்தேன். அப்பா பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் என்கிற பயிற்சி வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் முடிவதற்குள், காலையில் பஸ் ஏறப் போனபோது பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சுவரில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஆளுயர ஃப்ளெக்ஸ். கீழே அந்த விடுதியின் பெயர். "எங்கள் மாணவி. எங்கள் பயிற்சி. எங்கள் வெற்றி." அடப்பாவிகளா!

அன்று வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். "போட்டோவ யாருங்கப்பா குடுத்தது?"

"அவிங்க கேட்டாங்க, குடுத்தேன். ஊரே பாக்குதில்ல சாமி?"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் பையை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணை அதே விடுதியில், நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட்ட பேட்ச்சில் சேர்த்துவிட்டாராம். "உங்களப் பாத்துத்தானுங்க சேத்துனோம். பத்தே நாள்ல பாதி நோட்டு ஒப்பிக்கறா."

"நான் அங்க படிச்சப்ப ஃபெயிலுங்க," என்றேன்.

அவர் சிரித்து, என் அப்பாவைப் பார்த்து, "எத்தன தன்னடக்கம் பாருங்க," என்றார்.

எனக்கு வெறியே வந்தது. ஒரு தாளை இழுத்து அந்த இயந்திரக் கணக்கை எழுதினேன். தேதியை அக்டோபர் ஒன்று என்று போட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். முதல் வரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தாளை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, மூச்சுவிடாமல், முழு வருடத் தேய்மானத்தையும் சொல்லி முடித்தாள்.

"பாத்தீங்களா, ஒரு எடத்துல தடுமாறுலீங்க," என்றார் அவள் அப்பா.

என் அப்பா அந்தத் தாளை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் லாரி டெலிவரி தேதிகளைப் பார்த்தே தலை நரைத்த மனிதர். "அக்டோபர்னு போட்டிருக்குதே கண்ணு?" என்றார்.

"நோட்டுல ஏப்ரல்தானுங்க," என்றாள் அவள், அவருக்குத் தெரியாததைத் திருத்துகிற மாதிரி.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் இப்படித்தான் எழுதுனயா சாமி?"

"ஆமாங்கப்பா."

அவர் தாளை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு வந்தவரிடம், "அந்த போட்டோவ நாந்தானுங்க குடுத்தேன். தப்பு என்னுதுங்க," என்றார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் இனிப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் பென்சிலை அந்தப் பெண்ணின் கையில் திணித்து, வினாவை முதலில் படி, தேதிக்குக் கீழே கோடு போடு என்றேன். அவள் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, அந்த வினாவை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.